வட்டமும் வரைபடமும்

பால்மரத்தில் வெட்டுக் கோடு எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, முப்பது பாகைச் சாய்வில், மரத்தை அரைச் சுற்றுச் சுற்றி அது இறங்கும். புதிய மரத்தில் முதல் கோடு போடும்போது ஒரு தகரத் தகட்டை மரத்தோடு படிய வைத்து அதன் ஓரமாகக் கீறுவார்கள். தகட்டை எடுத்துத் தரையில் விரித்தால் அந்த ஓரம் நேர்கோடு. மரத்தில் சுற்றினால் அதுவே வளைகோடு. ஆனால் சாய்வு இரண்டிலும் ஒன்றே. மரம் உருளை வடிவமானது என்பதால் அதன் பட்டையை விரித்துப் பரப்பினாலும் நீளம், கோணம், பரப்பு மூன்றில் எதுவும் கெடுவதில்லை.

பூமிக்கு இந்த வசதி இல்லை. ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசைமேல் அழுத்திப் பாருங்கள். ஒன்று கிழியும், அல்லது கசங்கும். எவ்வளவு திறமையாக உரித்தாலும் உருண்டையின் மேற்பரப்பை நீளம் கெடாமல் தட்டையாக்க முடியாது என்பதை ஜெர்மன் கணித மேதை காஸ் 1827இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிட்டார். ஆகவே உலகப் படம் வரைபவர் எவரும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். பரப்பைக் காப்பாற்றினால் வடிவம் கோணும். கோணத்தைக் காப்பாற்றினால் பரப்பு பொய்க்கும். இவற்றுள் கோணத்தைக் காப்பாற்றும் படங்களின் கதையைத்தான் இந்தப் பேச்சில் காணப்போகிறோம். வட்டத்தில் தொடங்கும் அக்கதை பல நாடு சுற்றி நம் நெகிரி செம்பிலான் வரை வந்து சேர்கிறது.

கோணம் காப்பதால் என்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில் அவை நிலத்தில் என்ன கோணத்தில் வெட்டிக்கொள்கின்றனவோ அதே கோணத்தில் தாளிலும் வெட்டிக்கொண்டால், கையில் உள்ள திசைகாட்டியும் தாளில் உள்ள கோடும் ஒன்றையே சொல்லும். கப்பலோட்டிக்கும் நில அளவையாளருக்கும் அது பெரிய துணை. அதோடு சிறிய இடங்களின் வடிவமும் கெடாமல் நிற்கும். ஒரு சிறிய சதுரம், பெரிதானாலும் சிறிதானாலும் சதுரமாகவே இருக்கும்.

இவ்வகைப் படங்களில் மிகப் பழையதை ஒரு விளக்கை வைத்தே விளக்கிவிடலாம். கண்ணாடி உருண்டை ஒன்றின் தென்துருவத்தில் ஒரு சிறு விளக்கு இருப்பதாகவும், வடதுருவத்தைத் தொட்டபடி ஒரு பலகை இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். உருண்டையின்மேல் வரைந்த கோடுகளின் நிழல் பலகையில் விழும். வியப்பு என்னவென்றால், உருண்டைமேல் எங்கே வட்டம் வரைந்தாலும் அதன் நிழலும் வட்டமாகவே விழும். விளக்கின் வழியாகச் செல்லும் வட்டம் மட்டும் நேர்கோடாகும். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வானியலார் ஹிப்பார்க்கஸ் இம்முறையை அறிந்திருந்தார் என்பர். தாலமி இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். வானத்து விண்மீன்களை ஒரு வட்டத் தகட்டில் அடக்கிய பழைய வானியல் கருவி இந்த நிழல் முறையில் அமைந்ததே. அந்தக் கருவியைப் பற்றி 1370இல் மகேந்திர சூரி ‘யந்திரராஜம்’ என்ற வடமொழி நூலை எழுதினார். ஆனால் இந்த நிழல் கோணத்தையும் காக்கிறது என்பதற்கான நிறுவல் அச்சில் வர 1690கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை எழுதியவர் வால்வெள்ளிக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி.

இடையில் 1569இல் மெர்க்கேட்டர் தம் பெரிய உலகப் படத்தைப் பதினெட்டுத் தாள்களில் வெளியிட்டார். பள்ளிச் சுவர்களில் பல காலம் தொங்கிய படம் அந்த வகையைச் சேர்ந்ததே. ஒரே திசையை விடாமல் பிடித்துச் செல்லும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக அமையும். நம் தகரத் தகட்டின் ஓரம் நேர்கோடானது போலத்தான் இதுவும் என்று எண்ணிக்கொள்ளலாம். அதே கப்பல் பாதையை முன் சொன்ன வட்டப் படத்தில் வரைந்தால் அது துருவத்தை நோக்கிச் சுழன்று சுழன்று நெருங்கும் ஒரு சுருள். வட்டப் படத்தை ஓர் ஆரத்தின் வழியே கத்தரித்து, மடக்கைக் கணக்கின்படி நாடாவாக விரித்தால் மெர்க்கேட்டர் படம் கிடைத்துவிடும். வட்டங்கள் கிடைக்கோடுகளாகும், சுருள் நேராகும். இரண்டு படங்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! ஆனால் மெர்க்கேட்டரின் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவைப் போலப் பருத்துத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு பெரியது. கோணத்துக்குக் கொடுத்த விலை இது.

இக்கதையில் நம் மனத்துக்கு மிக நெருக்கமானவர் யோகான் ஹைன்ரிஷ் லாம்பெர்ட். 1728இல் மியூல்ஹவுஸ் என்னும் ஊரில் ஓர் ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்தார். தந்தைக்குத் துணையாக ஊசி பிடிக்கப் பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டார். பகலில் வேலை, இரவில் படிப்பு. பல்கலைக்கழகத்தின் வாசலை மாணவராக மிதிக்காமலே ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்களுள் ஒருவரானார். ‘பை’ என்னும் வட்ட எண்ணைப் பின்னமாக எழுத முடியாது என்று முதலில் நிறுவியவரும் இவரே. 1772இல் அவர் வெளியிட்ட வரைபடக் கட்டுரை ஒன்றில் ஒன்றல்ல, பல புதிய படமுறைகள் இருக்கின்றன. அதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு படத்தைக் கண்டுபிடித்து அதைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். லாம்பெர்ட்டோ, கோணம் காக்கும் படங்கள் எத்தனை வகை, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் பிடிக்க முடியுமா என்று கேட்டார். தையற்காரர் வீட்டுப் பிள்ளை துணியை உடலுக்கேற்ப வளைக்கும் கலையை அறிந்திருந்ததும் இதற்கு உதவியிருக்குமோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. அது வெறும் எண்ணமே, சான்று இல்லை.

லாம்பெர்ட் எழுப்பிய கேள்வியை ஆய்லர் 1777இலும் லக்ராஞ்சு 1779இலும் மேலே கொண்டுசென்றனர். லக்ராஞ்சு தமக்கு ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டார். தீர்க்கக் கோடுகளும் அட்சக் கோடுகளும் படத்தில் வட்ட விற்களாகவே வர வேண்டும், கோணமும் மாறக் கூடாது. அந்த நிபந்தனைக்கு உட்பட்ட படங்கள் அனைத்தையும் அவர் கண்டெடுத்தார். அவற்றுள் ஒன்றில் முழு உலகமும் ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரு துருவங்களில் மட்டும் கோணம் கெடும்.

இந்தப் பெரியவர்கள் கையாண்ட கருவி கலப்பெண். அதன் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். சாதாரண எண் ஒரு கோட்டின்மேல் நிற்கும். கலப்பெண் ஒரு தளத்தின்மேல் நிற்கும். அதற்குக் கிழக்கு-மேற்கு அளவு ஒன்றும், வடக்கு-தெற்கு அளவு ஒன்றும் உண்டு. ஒரு படத்தை 2ஆல் பெருக்கினால் இரு மடங்காகும். ‘ஐ’ என்னும் எண்ணால் பெருக்கினால் கால் சுற்றுத் திரும்பும். வேறு எந்தக் கலப்பெண்ணால் பெருக்கினாலும் திரும்புவது, பெரிதாவது அல்லது சிறிதாவது ஆகியவற்றைத் தவிர வேறு நிகழாது. கலப்பெண் சார்பு ஒன்று ஒழுங்காக அமைந்திருந்தால், ஒவ்வொரு சிறு புள்ளியின் சுற்றுப்புறத்திலும் அது இப்படி ஒரு பெருக்கலைப் போலவே நடந்துகொள்ளும். திருப்புவதாலோ பெரிதாக்குவதாலோ கோணம் மாறாது அல்லவா? ஆகவே அத்தகைய சார்பு ஒவ்வொன்றும் கோணம் காக்கும் ஒரு படமே. அந்தப் பெருக்கும் எண் சுழியமாகும் புள்ளிகளில் மட்டும் அது பொய்க்கும். காஸ் இதை எந்த வளைபரப்புக்கும் பொருந்தும்படி எழுதிக் கோபன்ஹேகன் கழகத்தின் பரிசைப் பெற்றார். அக்கட்டுரை 1825இல் அச்சாகியது. அப்போது அவர் வெறும் ஏட்டுக் கணிதராக இருக்கவில்லை. ஹானோவர் நாட்டைத் தாமே அளந்துகொண்டிருந்த நில அளவையாளராகவும் இருந்தார்.

காஸ் படித்து ஒப்புதல் அளித்த ஆய்வேடுகளுள் ஒன்று, 1851இல் ஓர் ஏழைப் பாதிரியாரின் மகனான ரீமன் எழுதியது. அப்போது ரீமனுக்கு வயது இருபத்தைந்து. அவர் சொன்னது இது. ஒரு தளத்தில் எந்த நிலத் துண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எல்லை எப்படி வளைந்து நெளிந்திருந்தாலும் சரி. நடுவே துளை இல்லாமலும், தளம் முழுவதுமாக இல்லாமலும் இருந்தால் போதும். கோணம் மாறாமல் அதை ஒரு வட்டத்துக்குள் பொருத்திவிடலாம்.

இதன் ஆற்றலை எண்ணிப் பாருங்கள். நெகிரி செம்பிலானின் எல்லை ஆற்றோடும் மலையோடும் கடற்கரையோடும் எவ்வளவு கோணல்மாணலாக ஓடுகிறது! அதையும் ஒரு வட்டத் தாம்பாளத்தில் வரைந்துவிடலாம். உள்ளே எந்தச் சந்திப்பிலும் கோணம் மாறாது. எந்த ஊரை நடுவில் வைப்பது என்பதும், அங்கிருந்து எந்தத் திசையை மேலே வைப்பது என்பதும் நம் விருப்பம். சுங்கை காடுட்டை நடுவில் வைத்தால் நம்மைச் சுற்றியுள்ள இடங்கள் பெரிதாகவும் எல்லைப்புற ஊர்கள் விளிம்பில் நெருக்குண்டும் தெரியும். சிரம்பானை நடுவில் வைக்க விரும்பினால் புதிதாக ஒன்றும் கணக்கிட வேண்டியதில்லை. வட்டத்தை வட்டமாகவே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை நகர்த்தும் எளிய உருமாற்றங்கள் இருக்கின்றன. 1855இல் அவற்றை முறையாக ஆராய்ந்த மோபியஸின் பெயரே அவற்றுக்கு வழங்குகிறது. அவை வட்டங்களை வட்டங்களாகவோ நேர்கோடுகளாகவோ மட்டுமே மாற்றும்.

ரீமன் காசநோயால் 1866இல் இத்தாலியில் இறந்தார், முப்பத்தொன்பது வயதில். அவர் இறந்த சில ஆண்டுகளில், 1870இல், வையர்ஸ்டிராஸ் அவருடைய நிறுவலின் அடித்தளத்தில் ஓர் ஓட்டை இருப்பதைக் காட்டினார். ரீமன் இருக்கிறது என்று எடுத்துக்கொண்ட ஒன்று உண்மையில் இருக்கிறதா என்பதற்கு உறுதி இல்லை. முடிவு சரி, வழிதான் உறுதியற்றது. முப்பது ஆண்டுகள் கழித்து 1900இல் அமெரிக்கரான ஆஸ்குட் முழு நிறுவலைத் தந்தார்.

துளை உள்ள நிலம் என்றால்? ஒரு தோட்டத்தின் நடுவே குளம் ஒன்று, ஆலய நிலம் ஒன்று, இரண்டையும் விட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை முழு வட்டமாக்க முடியாது. ஆனால் குளத்தையும் ஆலய நிலத்தையும் வட்டத் துளைகளாகவும், வெளி எல்லையை வட்டமாகவும் ஆக்க முடியும் என்று ஜெர்மானியர் பால் கோபெ நிறுவினார். துளைகள் நூறானாலும் ஆயிரமானாலும் இது செல்லும். துளைகள் முடிவின்றி இருந்தாலும் செல்லுமா என்று 1908இல் அவர் கேட்டார். ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி எண்ணக்கூடிய துளைகளுக்கு விடை 1993இல்தான் ஹே, ஷ்ராம் என்ற இருவரால் கிடைத்தது. முழுக் கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை.

தமிழர்களுக்கும் இந்தத் துறையில் பங்குண்டு. சென்னை லயோலா கல்லூரியில் கற்பித்த பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன் உருவாக்கிய மாணவர்கள் பலர். அவர்களுள் வட ஆர்க்காட்டுத் தண்டரை என்னும் சிற்றூரில் பிறந்த நரசிம்மனும், காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்ரியும் ரீமனின் பெயர் தாங்கிய பரப்புகளைப் பற்றி 1965இல் வெளியிட்ட தேற்றம் இன்று உலகெங்கும் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகிறது.

ஏட்டிலிருந்து நிலத்துக்கு வருவோம். நம் முன்னோர் விட்டு வந்த மண்ணில்தான் அடுத்த காட்சி. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்து இந்திய நில அளவையைத் தொடங்கினார். அவரிடம் இருந்த கோண அளவைக் கருவி அரை டன் எடை. அதன் உயிர் மூன்று அடி விட்டமுள்ள ஓர் உலோக வட்டம், சுற்றிலும் பாகைகள் பொறித்தது. சமவெளியில் தென்னையும் பனையும் பார்வையை மறைத்ததால் கோயில் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றி அளந்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி கோபுரத்தில் மோதியது. வட்டம் வளைந்துவிட்டது. வட்டம் கெட்டால் கோணம் கெடும், கோணம் கெட்டால் அளவையே கெடும். லாம்டன் வேறொருவரை நம்பவில்லை. ஏறத்தாழ ஆறு வாரம் தாமே உட்கார்ந்து சிறிது சிறிதாகத் தட்டியும் இழுத்தும் அதை மீண்டும் வட்டமாக்கினார்.

லாம்டனும் அவருக்குப் பின் எவரெஸ்டும் அளந்த அந்த நீண்ட வில்லைக் கொண்டு பூமியின் பருமனையும் துருவத் தட்டையையும் எவரெஸ்ட் 1830இல் கணக்கிட்டார். மலாயாவின் நிலப்படங்கள் பல பத்தாண்டுகள் அந்த எவரெஸ்ட் உருண்டையை, சிறு திருத்தத்தோடு, அடிப்படையாகக் கொண்டே வரையப்பட்டன. கப்பலேறி வந்தவர்கள் நாம் மட்டுமல்ல, நம் ஊர் அளவும்தான்!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவுக்கு ஒரே படமுறை தேவைப்பட்டது. தீபகற்பத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நேர் வடக்குத் தெற்காக நிற்பதில்லை. பெர்லிசில் தலை, ஜொகூரில் கால், வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து படுத்திருக்கிறது. மெர்க்கேட்டர் முறையில் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி சரியாக அமையும். லாம்பெர்ட் அதைத் திருப்பி நிறுத்தினார், ஒரு தீர்க்கக் கோட்டை ஒட்டிய பகுதி சரியாக அமைந்தது. பிரிட்டிஷ் அளவையாளர் மார்ட்டின் ஹோட்டின் நாட்டின் சாய்வுக்கே கோட்டைச் சாய்த்தார். பூமி சரியான உருண்டை அல்ல என்பதால் கணக்கு எளிதில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் ஐந்து பகுதிகளாக அவர் எழுதிய கட்டுரைத் தொடரில் அதைத் தீர்த்துக் கொடுத்தார். நடுக்கோடு 4 பாகை வட அட்சமும் 102 பாகை 15 கலை கிழக்குத் தீர்க்கமும் சந்திக்கும் புள்ளி வழியே, வடக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 37 பாகை சாய்ந்து ஓடுகிறது.

சாய்த்து வரைந்த படத்தின் கட்டங்களும் சாய்ந்தே இருக்கும். கடைசியில் அவற்றை வடக்கு நோக்கித் திருப்பி நிறுத்த வேண்டும். எவ்வளவு திருப்புவது? ஹோட்டின் 36 பாகை 52 கலை என்ற கோணத்தைத் தேர்ந்தார். அதில் ஒரு நயம் இருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்து அளவுள்ள முக்கோணத்தின் ஒரு மூலை அது. தச்சரும் கொத்தனாரும் செங்கோணம் வரக் கயிறு பிடிக்கும் அதே முக்கோணம்தான்! அந்தக் கோணத்தில் திருப்பினால் 0.6, 0.8 என்ற இரண்டு எளிய எண்களால் பெருக்கினால் போதும். கணிப்பொறி இல்லாத காலத்தில் நாள் முழுதும் கையால் பெருக்கிய எழுத்தர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பதைப் பள்ளியில் பெருக்கல் திருத்தும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டங்கள் சங்கிலி அளவிலும் இருந்தன. சங்கிலி என்றால் 66 அடி.

இன்னொரு நுட்பம். நடுக்கோட்டில் சரியாக வைத்தால் இரு ஓரங்களும் நீண்டுகொண்டே போகும். அதனால் நடுக்கோட்டிலேயே வேண்டுமென்று சற்றுக் குறைத்தார்கள். அங்கே ஒரு கிலோமீட்டர், படக் கணக்கில் 16 சென்டிமீட்டர் குறைவு. விலகிச் செல்லச் செல்ல அந்தக் குறை தேய்ந்து, நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 114 கிலோமீட்டரில் அளவு மிகச் சரியாகி, அப்பால் மிகையாகிறது. பழைய அளவைக்கு அடிப்படையாக இருந்த பகாங்கின் கெர்த்தாவ் குன்று நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே அங்கே குறை முழுதாக உண்டு. சுங்கை காடுட் எங்கே இருக்கிறது? அட்ச தீர்க்கத்தைக் கொண்டு நாங்கள் கணக்கிட்டால் நடுக்கோட்டிலிருந்து 112 கிலோமீட்டர் அளவில் வருகிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்கூடப் பிழை இல்லை. நாடு முழுவதிலும் படமும் நிலமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும் ஒரு மெல்லிய பட்டையில் நம் ஊர் அமர்ந்திருக்கிறது.

ஒரு சென்டிமீட்டர், பதினாறு சென்டிமீட்டர் என்பதெல்லாம் பெரிய செய்தியா என்று சிலர் நினைக்கக்கூடும். நீளத்தில் வரும் பிழை பரப்பில் இரு மடங்காகும். நடுக்கோட்டின்மேல் உள்ள ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை அந்தப் படத்தின் கட்டங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர் காணாமற் போகும். 20 அடிக்கு 70 அடி வீட்டு மனை என்று வைத்தால் அது பத்து வீட்டு மனை. தோட்டங்கள் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம்மவர் பலர் வேலையும் வீடும் இழந்ததையும், அதற்கு மாற்றாக 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததையும் பெரியவர்கள் அறிவார்கள். சுங்கை காடுட்டைச் சுற்றியும் பால்மரம் நின்ற இடங்களில் தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. 2011இல் கொமுட்டர் மின்ரயிலும் வந்து சேர்ந்தது. மனைகள் சிறுத்து விலை ஏற ஏற ஒவ்வோர் அடிக்கும் மதிப்புக் கூடுகிறது.

இதனால்தான் தீபகற்பத்தில் மனை அளவைக்குத் தனி முறை இருந்தது. ஹோட்டினின் படம் நாட்டுப் பொதுப் படத்துக்கு. மனை எல்லைக்குக் காசினி என்ற பிரெஞ்சுக் குடும்பத்தின் பெயர் கொண்ட வேறு முறை. அதில் மாநிலத்துக்கு மாநிலம் தொடக்கப் புள்ளி உண்டு. நெகிரி செம்பிலானும் மலாக்காவும் ஒரே கட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. காசினி முறை கோணம் காப்பதன்று. ஆனால் சிறிய வட்டாரத்துக்குள் கணக்கு எளிது, பிழை சிறிது. 2003இல் துணைக்கோள் அளவையை அடிப்படையாகக் கொண்ட புதிய தேசிய அளவை வந்தபோது எவரெஸ்டின் உருண்டை ஓய்வு பெற்றது. ஹோட்டினின் சாய்ந்த கோடும் மூன்று-நான்கு-ஐந்து முக்கோணமும் புதிய உருண்டையின்மேலும் தொடர்கின்றன.

வீட்டு மனையோ சிறு தோட்டமோ வாங்கும் குடும்பத்தினர் நிலத்தின் வரைபடத்தைக் கையில் வாங்கியதும் பலர் அடிக்கோலை எடுத்து அதன்மேல் வைக்கிறார்கள். கோட்டின் நீளத்தை அளப்பதைவிடக் கோட்டின் அருகே எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பதே முறை. ஒவ்வோர் எல்லைக் கோட்டுக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நீளம். மற்றொன்று பாகை, கலை, விகலையில் எழுதிய திசைக் கோணம். பழைய படங்களில் நீளம் சங்கிலியிலும் அதன் நூறில் ஒரு பங்கான கண்ணியிலும் இருக்கும், புதியவற்றில் மீட்டரில் இருக்கும். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பரப்பு தனியே ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கும். பட்டாவில் உள்ள பரப்பும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு எல்லைக் கற்களின் எண்களைக் குறித்துக்கொண்டு நிலத்துக்கே நடந்து சென்று, படத்தில் உள்ள ஒவ்வொரு கல்லும் மண்ணில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.